மாவுக் கடை வழியாக ஒரு நாற்பது அடிச் சாலை

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை நான் எங்கள் தெருவின் நட்டநடுவே குப்புறப் படுத்திருந்தேன். குடித்திருக்கவில்லை. கையில் அளக்கிற டேப் இருந்தது.

டேப்பின் ஒரு நுனியைத் தெருவின் மத்தியில் வைத்து, அதன்மேல் ஒரு செங்கல்லையும் வைத்தாகிவிட்டது. அது உண்மையிலேயே மத்திதானா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தரையோடு தரையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பாக்கெட் போடுகிறவர் வண்டியை என் தலைக்கு அருகே நிறுத்தினார்.

"இன்னா சார், சாவி எதுனா வுயுந்துட்ச்சா?"

"இல்லப்பா. வீடு வுயப்போவுது. அதான் எதுவரிக்கும்னு பாத்துக்கினு கீறேன்."

அவர் ஒரு பாக்கெட்டை என் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். தார் ரோடு அதற்குள்ளாகவே சுட ஆரம்பித்திருந்தது. சட்டைப் பித்தான்கள் ஒவ்வொன்றாக வயிற்றில் சூடு போட்டன.

டேப்பை இழுத்துக்கொண்டே போனேன். கேட்டைத் தாண்டியது. படியைத் தாண்டியது. முன்னறைக்குள் நுழைந்து, கிரைண்டரின் வலது காலைத் தொட்டு, அதையும் தாண்டி, ஃபிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றது. இருபது அடி.

முன்னறை என்று நான் சொல்வது என் மனைவி செல்வியின் இட்லி மாவுக் கடை. கட்டில் போடவேண்டிய இடத்தில் கிரைண்டர். டிவி வைக்கவேண்டிய இடத்தில் ஃபிரிட்ஜ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் நட்டும் போல்ட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ள எனக்குக் கொடுக்கும் சம்பளம் பாதி மாதம் வரைக்கும் நடந்து வரும். மீதிப் பாதியை இழுத்துக்கொண்டு போவது அந்த கிரைண்டர்தான்.

"இன்னாங்க இது, டேப்பு மாவு குண்டான்ல வுயுது பாருங்க," என்றாள் செல்வி.

நான் டேப்பைச் சுருட்டி மறுபடியும் ஆரம்பித்தேன். இழுத்துப் பிடித்தால் கிரைண்டர் போகிறது. கொஞ்சம் தொய்வாகப் பிடித்தால் தப்பித்துவிடுகிறது. ஆனால் அரசாங்கம் டேப்பைத் தொய்வாகவா பிடிக்கும்?

வண்ணப் படம்

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் முந்தின நாள் நான் வார்டு அலுவலகத்தில் பார்த்த ஒரு படம்.

எங்கள் பகுதி வளர்ச்சிக்கான வரைவுத் திட்டத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், பார்த்துவிட்டு ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். நான் வீட்டு வரி கட்டப் போனவன். வரிசை நீளமாக இருந்ததால் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வரிசை சின்னதாக இருந்திருந்தால் என் தொடரில் இந்த அத்தியாயமே கிடையாது. உங்களுக்கும் நிம்மதி.

அழகான படம். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிற்சாலைக்கு ஊதா, ஏரிக்கு நீலம், பூங்காவுக்குப் பச்சை. இவ்வளவு பச்சையை நான் எங்கள் பக்கத்தில் பார்த்ததே இல்லை. அந்தப் பச்சைகளில் ஒன்று எங்கள் லாரி ஷெட்டின் தலையில் இருந்தது.

எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் வீட்டைத் தேடினேன். அண்ணனூர் ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே நடந்து, எங்கள் தாமரை நகருக்கு வந்து, எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். எங்கள் தெரு முட்டுச்சந்து. கடைசியில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் கடைசி வீடு என்னுடையது. அந்தப் பக்கம் செந்தூர் நகர்.

படத்தில் சுவர் இல்லை. ஒரு புள்ளிக்கோடு சுவரைத் தின்றுவிட்டு நேராக செந்தூர் நகருக்குள் ஓடியது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: உத்தேச இணைப்புச் சாலை, நாற்பது அடி.

தெருவின் அகலம் இப்போது இருபதுதான். மீதி எங்கிருந்து வரும் என்று யோசித்தபோது, வரிசை நகர்ந்து என் முறை வந்துவிட்டது. "எவ்ளோ கட்டப் போறீங்க சார்?" என்று கேட்ட கவுண்ட்டர் பெண்ணிடம், "இன்னும் எவ்வளவு நாளைக்கும்மா கட்டணும்?" என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

முதலில் படம் வரைந்து, அப்புறம் ரோடு போட்டு, குழாய் புதைத்து, கடைசியில் வீடு கட்டுகிற ஊர்கள் இருக்கின்றனவாம். அவ்வளவு தூரம் போகவேண்டாம். முகப்பேரில் என் கொழுந்தியாள் வீட்டுப் பக்கம் போனாலே பார்க்கலாம். ரோடு நேராக இருக்கிறது, மூலையில் பூங்கா இருக்கிறது, பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது. இதையெல்லாம் அவளே கட்டியதுபோலப் பேசுவாள்.

எங்கள் பக்கத்து முறை வேறு. முதலில் மனை வாங்குவோம். பிறகு வீடு. வீடு கட்டியபின் கரண்ட். கரண்ட் வந்தபின் ரோடு. ரோடு போட்டபின் அதைத் தோண்டிக் குழாய். குழாய் போட்டபின் மறுபடியும் ரோடு, இந்த முறை வாசற்படிக்கு மேலே. இத்தனையும் முடிந்து, எல்லோரும் உட்கார்ந்து மூச்சு விடும்போது, யாரோ ஒருவர் பென்சிலைச் சீவிக்கொண்டு, "சரி, இந்த ஊர் எப்படி இருக்கணும்?" என்று கேட்பார்.

சுவரின் அம்மா அப்பா

அந்தச் சுவர் எப்படி வந்தது என்று ஏகாம்பரத்தைக் கேட்டால் தெரியும். எங்கள் நகர் முழுக்க ஒரு காலத்தில் அவன் அப்பாவின் வயல். செந்தூர் நகர் அவன் சித்தப்பாவின் வயல். இப்போது ஏகாம்பரம் தண்ணீர் லாரி ஓட்டுகிறான். அவன் அப்பா நெல்லுக்குப் பாய்ச்சிய அதே நிலத்துக்குத்தான், வீடு வீடாக.

"எங்க நைனாவும் சித்தப்பனும் பேசிக்க மாட்டாங்க அண்ணாத்தே," என்றான், லாரி பானெட்டில் சாய்ந்துகொண்டு. "இவுரு ஒரு பார்ட்டிக்கு வித்தாரு. அவுரு வேற பார்ட்டிக்கு வித்தாரு. இவன் இவன் இஷ்டத்துக்கு பிளாட்டு போட்டான், அவன் அவன் இஷ்டத்துக்கு. நடுவுல வரப்பு. வரப்பு மேல செவுரு. அவ்ளோதான் மேட்டரு."

"எதுக்குச் சண்டை போட்டாங்க?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ரெண்டு பேரும் பூட்டாங்க. நீங்கதான் அதுக்கு சுத்திகினு போறீங்க."

இரண்டு அண்ணன் தம்பிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டதால், சுவருக்கு அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பஸ் நிறுத்தத்துக்கு நான் ஏரிக்கரை வரை போய்த் திரும்பி வருகிறேன். மழைத் தண்ணீருக்கு மட்டும் இந்தச் சண்டை தெரியாது. அது பழைய ஞாபகத்தில் வரப்போரம் வந்து, சுவரில் முட்டி, என் வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் எங்கள் ஜனங்கள் சுவரை விட்டுவைத்தார்களா? சுவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஸ்டூல் கிடக்கும். சாயங்காலமானால் செந்தூர் நகர்ப் பெண்கள் அந்தப் பக்கத்து ஸ்டூலில் ஏறி, "மாவுக்கா!" என்று குரல் கொடுப்பார்கள். செல்வி இந்தப் பக்கத்து ஸ்டூலில் ஏறிப் பாக்கெட்டை நீட்டுவாள். மாவோடு கொஞ்சம் ஊர்க்கதையும் போகும், வரும். அந்தப் பெண்களில் பாதிப் பேரின் முகம் மட்டும்தான் செல்விக்குத் தெரியும். கழுத்துக்குக் கீழே பார்த்ததில்லை.

சாமிக்கு ஒரு வேலை

என் பயம் எப்படிப்பட்டது என்று இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்குப் பயம் வந்தால் ஒரு இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்குக் கால் முளைக்கும்.

அந்த வாரம் முழுக்க நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. எஸ்டேட்டில் போல்ட்டை எண்ணும்போது அடிக்கணக்கு வந்தது. மண்ணூர்பேட்டையில் ஒரு பத்திர எழுத்தர், பூந்தமல்லியில் ஒரு ஜோசியர், ஆவடியில் பழைய சர்வேயர் ஒருவர் என்று வண்டியில் சுற்றினேன். மூவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: வரும், ஆனால் வராது.

எதிர்வீட்டு கோவிந்தராஜ் சார்தான் எங்கள் நகர் நலச் சங்கத்தின் செயலாளர். திருநெல்வேலிக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் குடியிருந்து ஓய்வு பெற்றவர். அகலமான ரோடும் தூங்குமூஞ்சி மரமுமாக வாழ்ந்துவிட்டு, எங்கள் இருபது அடித் தெருவில் வந்து வீடு கட்டியவர். அவருடைய செம்பருத்திச் செடிகளும் அந்தப் புள்ளிக்கோட்டுக்குள்தான் வருகின்றன.

"குவார்ட்டர்ஸ்ல ரோடு அகலம்தான் தம்பி," என்றார். "ஆனா எவன் வீட்டையும் இடிச்சு அகலமாக்கலையே! அங்க மொதல்ல ரோடு. அப்புறம்தான் மனுசனையே உள்ள விட்டான்."

பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். "உம்ம வாசல்ல ஒரு பிள்ளையாரை வச்சிரும். எவன் கைவைப்பான்னு பாப்போம்."

எங்கள் பக்கத்தில் இது புதிது அல்ல. காலி மனையைக் காப்பாற்ற, குப்பை போடாமல் தடுக்க, லாரி திரும்பாமல் இருக்க, எல்லாவற்றுக்கும் பிள்ளையார்தான். பூந்தமல்லி சாலையோரத்தில் சிலை விற்கிறவரிடம் போய், சின்னதாக, ஆனால் அதிகாரிகளுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி ஒரு பிள்ளையார் வேண்டும் என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்காமல், "ரோடா சார், கால்வாயா?" என்றார்.

வண்டியின் முன்பக்கத்தில் பிள்ளையாரை உட்காரவைத்துக் கொண்டு வந்தேன். செல்வி வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சாமிய செக்யூரிட்டி வேலைக்கு இட்டாந்துகீறியா?"

அவள் என்னை ஒருமையில் கூப்பிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம். பிள்ளையார் நேராகப் பூஜை அறைக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்கு எந்த வேலையும் கிடையாது.

கல்யாண மண்டபத்தில் ஒரு கருத்துக் கேட்பு

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முந்தின நாள் வரவேற்பு எதுவோ நடந்திருக்க வேண்டும். மேடையில் பிளாஸ்டிக் பூ வளைவு அப்படியே நின்றது. திட்ட அதிகாரி, முப்பது வயதுக்குள் இருக்கிற பெண், மணப்பெண் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மின்விசிறி சுற்றச் சுற்ற வாடிய சம்பங்கி வாசனை வந்தது.

எங்கள் நகரும் வந்திருந்தது. செந்தூர் நகரும் வந்திருந்தது. பெண்கள் பின்வரிசையில். செல்வி கழுத்துக்குக் கீழேயும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இணைப்புச் சாலை வேண்டாம்னு யாராவது சொல்றீங்களா?" என்று கேட்டார் அதிகாரி.

யாரும் சொல்லவில்லை. சாலை எல்லோருக்கும் வேண்டும்.

"அப்ப எந்தப் பக்கம் இடம் எடுக்கலாம்?"

அப்போது நடந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தெருவின் இடது பக்கத்துக்காரர்கள் மொத்தமாக வலது பக்கம் கை நீட்டினார்கள். வலது பக்கத்துக்காரர்கள் இடது பக்கம் நீட்டினார்கள். ராணுவ அணிவகுப்பில்கூட இவ்வளவு ஒற்றுமை பார்க்க முடியாது.

கோவிந்தராஜ் சார் என் முதுகில் தள்ளினார். "நீரு பேசும். உமக்குத்தான் வாய் இருக்கு."

பேசினேன். மைக் கையில் வந்ததும் பயம் நாக்குக்கு ஏறிவிட்டது. அது ஏறினால் எனக்கு ஜோக்காக வரும். "மேடம், உங்க படத்துல எங்க லாரி ஷெட்டு பச்சையா இருக்கு. அங்க பச்சையா இருக்கறது டிரைவருங்க பேச்சு மட்டும்தான்," என்றேன். மண்டபம் சிரித்தது. "அந்தச் சாலை எங்க வீட்டு மாவுக் கடை வழியா போவுது. போறவங்க வர்றவங்க சட்னி மட்டும் கொண்டாந்தா போதும்," என்றேன். கைத்தட்டல். ஏகாம்பரம் விசில் அடித்தான். சாலை வராவிட்டால் குழாயும் வராது, குழாய் வராவிட்டால் லாரி ஓடும். அவன் விசிலில் அந்தக் கணக்கு இருந்தது. அதிகாரிகூடச் சிரிப்பை மறைக்க வாயைப் பொத்திக்கொண்டார். முன்னறை தப்பித்துவிட்டது என்றே நினைத்தேன்.

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. செல்வி எழுந்து நின்றாள்.

"அந்த மாவுக் கட என்துங்க. நான் ஒண்ணு சொல்லணும்."

மைக்கை என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை. அவள் குரலுக்கு அது தேவையும் இல்லை. சுவர் தாண்டிப் பேசிப் பழகிய குரல்.

"போன மழைக்கு இவருக்கு நெஞ்சு வலி வந்துச்சு. அத இவரு ஊரெல்லாம் ஜோக்கா சொல்லிக்கினு கீறாரு. நான் சொல்றேன், கேளுங்க. ஆம்புலன்சு செவுத்துக்கு அந்தாண்ட வந்து நிக்குது. சத்தம் காதுல கேக்குது. லைட்டு எங்க மாடிச் செவுத்துல சுத்துது. வண்டி இந்தாண்ட வர வழியில்ல. சுத்திகினு வர்ற ரோட்ல இடுப்பு வரிக்கும் தண்ணி. அந்தாண்டயிருந்து டிரைவரு கத்துறான், எங்கம்மா ஊடு, எங்கம்மா ஊடுன்னு. இதோ இங்கதாம்பா, இங்கதாம்பான்னு நான் செவுத்த அடிக்கிறேன்."

செல்வி கையைத் தூக்கிச் சுவரின் உயரத்தைக் காட்டினாள்.

"ஸ்டூல் போட்டு, நாலு ஆம்பளைங்க தூக்கி, மாவு பாக்கெட்ட குடுக்கிற மாதிரி இவர செவுத்துக்கு மேல குடுத்தோம். வாயுன்னு டாக்டரு சொல்ட்டாரு. சரி. வாயுவா இல்லாம இருந்திருந்தா?"

நான் இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன், சுவரின் உச்சியில் என் லுங்கி மாட்டிக்கொண்ட இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சொன்னதில் லுங்கியே வரவில்லை.

"முன்னாடி ரூம எடுத்துக்கோங்க," என்றாள். "ஆனா மொதல்ல தண்ணி போறதுக்கு கால்வா போடுங்க, அப்பால ரோடு போடுங்க. வருசா வருசம் ரோட்ட மேல மேல போட்டு என் வாசப்படிய பள்ளத்துல தள்ளாதீங்க. நடக்கறவங்களுக்கும் கொஞ்சம் எடம் வுடுங்க. எங்க பொயப்பு போறதுக்கு உண்டானத சட்டப்படி குடுங்க. அவ்ளோதான்."

அதிகாரி எழுதிக்கொண்டே கேட்டார்: "இத ஆட்சேபணைன்னு எழுதறதா, ஆதரவுன்னு எழுதறதாம்மா?"

செல்வி யோசித்தாள். "பயந்துகினே ஆதரவுன்னு எழுதிக்கோங்க."

அப்புறம் யாரும் யார் பக்கமும் கை நீட்டவில்லை. கோவிந்தராஜ் சார் எழுந்து, "செம்பருத்தி தொட்டியிலயும் வளரும்," என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அசையாத சுவரில் ஒரு செங்கல் நகர்ந்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

திரும்பி வரும்போது

வீட்டுக்கு நடந்து வந்தோம், ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு. அவள் முன்னால், நான் பின்னால்.

"என்னை ஒரு வார்த்த கேக்காம ரூம குடுத்துட்டியே."

"கேட்டா இன்னா சொல்லுவீங்க? ஜோக்கு சொல்லுவீங்க."

"எனக்குப் பயம் வந்தா ஜோக்குதான் வருது செல்வி. நான் இன்னா பண்ணட்டும்?"

"தெரியும். எனக்குப் பயம் வந்தா வேல வருது. நாளிக்கு கொத்தனார வரச் சொல்லியிருக்கேன்."

"எதுக்கு?"

"கிரைண்டர பின்னாடி கொண்டுபோவணும். சமையக்கட்டு செவுத்துல ஜன்னல ஒடச்சி கவுண்ட்டர் வெக்கணும். ரோடு போடறவன் வந்து இடிக்கற அன்னிக்கு ஓடிகினு இருக்க முடியுமா?"

நான் ஒரு வாரமாக மூன்று ஊர் சுற்றி யோசித்ததை, இவள் அரிசி ஊறுகிற நேரத்தில் யோசித்து முடித்திருக்கிறாள்.

அந்த மாதத்திலேயே சுவரில் ஒரு வழி திறந்தது. அரசாங்கம் திறக்கவில்லை. இரண்டு நகர்களின் சங்கமும் பேசி, ஆம்புலன்ஸ் நுழைகிற அளவுக்கு மட்டும் என்று ஆரம்பித்தார்கள். இடிக்கிற இயந்திரம் ஓட்டியவருக்குக் கை நிற்கவில்லை. பாதிச் சுவர் போய்விட்டது. கல் அள்ள ஏகாம்பரமே தன் லாரியைக் கொண்டுவந்தான். "லாரி தண்ணி வாங்கறவன் கொறைவான், தெரிஞ்சே வந்துகீறேன்," என்று என்னிடம் சொன்னான். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்து கூடைக்கு ஒரு காது பிடித்தான். சித்தப்பா மகனாம். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கூடை மட்டும் நிறைந்து நிறைந்து போனது.

அதன்பின் எங்கள் தெருவில் அமைதி என்பது இல்லை. அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் போகிற பைக் எல்லாம் இதில்தான். நான் எதிர்வீட்டுக்குப் பேப்பர் வாங்கப் போவதற்கு இரு பக்கமும் பார்க்க வேண்டியிருக்கிறது. செல்வியின் மாவு சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, பின்பக்க ஜன்னலிலேயே.

நாற்பது அடி மட்டும் இன்னும் வரவில்லை. திட்டம் பரிசீலனையில் இருக்கிறதாம். போய்க் கேட்டால் வரும் என்கிறார்கள். கால்வாய்க்கு அளவெடுக்க ஒருமுறை வந்தார்கள். மூன்று கால் வைத்த கருவியை என் வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்கள். நான் மூடிய கண்ணைவிட அவர்கள் மூடிய கண்ணுக்கு மதிப்பு அதிகம்.

கிரைண்டர் போனபின் முன்னறை காலியாகக் கிடக்கிறது. இருந்தும் இல்லாத அறை. சுண்ணாம்பு அடிக்கவும் மனம் வரவில்லை, அடிக்காமல் விடவும் மனம் வரவில்லை. கிரைண்டர் நின்ற இடத்தில் தரை மட்டும் வெளுத்திருக்கிறது. அங்கே ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு இந்தத் தொடரை எழுதுகிறேன். வெளியே ஒவ்வொரு வண்டி ஹாரன் அடிக்கும்போதும் நிமிர்ந்து பார்க்கிறேன். வார்டு அலுவலகத்துச் சுவரில் இருக்கிற படத்தின்படி பார்த்தால், நான் இந்த நிமிடம் உட்கார்ந்திருப்பது ரோட்டின் மேல்.

"செல்வி, ஒரு டீ குடேன்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன்.

டம்ளரை மேஜையில் வைத்தவள், எழுதிய தாள்களைத் தள்ளிவைத்துவிட்டு, மேஜையின் ஒரு முனையைப் பிடித்துச் சுவரோரமாக இழுத்தாள்.

"ஓரமா குந்திகினு எழுதுங்க," என்றாள். "வண்டி வர்ற எடம்."